சுண்டுவின் கிட்டில் விழுந்த இரண்டாவது கோடு

கேள்வி:

வணக்கம் டாக்டர். நாங்கள் தஞ்சாவூரில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு பூனைகள். பட்டுவுக்கு ஆறு வயது. கருத்தடை செய்தாகிவிட்டது, வீட்டைவிட்டு இறங்க மாட்டாள். சுண்டு ஒன்றரை வயதுக் கடுவன். மூன்று மாதக் குட்டியாக ஒரு மழை நாளில் எங்கள் திண்ணையில் ஒதுங்கியவன். ராத்திரி மதில் தாண்டிப் போனால் விடியற்காலைதான் வருவான். பத்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் வந்தது, ஈறெல்லாம் வெளிறிவிட்டது. இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 6, பி.சி.வி. 18. அப்புறம் ஒரு கிட்டில் இரத்தச் சொட்டு விட்டுப் பார்த்து, "எஃப்.இ.எல்.வி. பாசிட்டிவ், லுகேமியா வைரஸ்" என்றார் டாக்டர். இணையத்தில் தேடினால் இரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. இரண்டு பேருக்கும் வருடா வருடம் ட்ரைகேட் ஊசி போட்டிருக்கிறோமே, எப்படி வந்தது? வீட்டில் ஐந்து வயதுப் பெண் இருக்கிறாள். நாத்தனார் வேறு பிரசவத்துக்கு வந்திருக்கிறார். "மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடு, அங்கே பிழைத்துக்கொள்ளும்" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மீன் மார்க்கெட் விஷயத்தை முடித்துவிடுவோம். சுண்டுவை அங்கே விடவே கூடாது. பி.சி.வி. என்பது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு. அது 18 என்றால் அவன் உடம்பில் இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது என்று பொருள். மதில் ஏறினாலே மூச்சு வாங்குகிற நிலையில், மார்க்கெட் கடுவன்களோடு சண்டை போட்டு அவனால் ஒரு மீன் தலையைக்கூடப் பிடுங்க முடியாது. கிட் சொன்னது உண்மையாக இருந்தால், அங்கே ஒரே தட்டில் தின்னும் பூனைகளுக்கும் அவன் வைரஸைக் கொடுத்துவிடுவான். மாமியார் பேத்தியை நினைத்துத்தான் சொல்கிறார், தெரிகிறது. அந்தப் பயத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

இந்த வைரஸ் மனிதருக்கு வராது. கடித்தாலும் வராது, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினாலும் வராது. அது கண்டுபிடிக்கப்பட்டு அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனை காலம் பாதிக்கப்பட்ட பூனைகளோடு வாழ்ந்த வீட்டுக்காரர்களிடமும், தினமும் அவற்றின் எச்சிலிலும் இரத்தத்திலும் கை வைக்கிற எங்களைப் போன்றவர்களிடமும் அது நோய் உண்டாக்கியதாகச் சான்று இல்லை. நாய்க்கும் வராது. பூனைக் குடும்பத்துக்குள்தான் சுற்றும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் பூமா என்கிற பெரிய காட்டுப் பூனைகளுக்கு வீட்டுப் பூனையிடமிருந்து இது தாவி, சில செத்தும் போயின; மீதியைப் பிடித்துத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. அத்தனை தூரம் தாவிய வைரஸ் மனிதரிடம் தாவவில்லை.

உங்கள் நாத்தனார் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி. அது எந்தப் பூனையிடமிருந்தும் வரலாம், எதிர்ப்பு சக்தி குறைந்த பூனை என்றால் கூடுதல் கவனம் நல்லது. மலத்தோடு வெளியே வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மணல் தட்டை நீங்களோ உங்கள் கணவரோ தினமும் தவறாமல் அள்ளிவிடுங்கள். நாத்தனார் அந்தப் பக்கம் போக வேண்டாம், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும். பூனையைத் துரத்த இது காரணமே இல்லை.

அடுத்து அந்தப் பெயர். லுகேமியா வைரஸ் என்று கேட்டதும் இரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழு, ஒரே வீட்டில் அடுத்தடுத்து பல பூனைகளுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டி வருவதைப் பார்த்து, 'இது தொற்றுகிறதோ' என்று தேடிப் போய் இந்த வைரஸைப் பிடித்தது. புற்றுநோயைத் தேடிப் போனபோது கிடைத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நடைமுறையில் நான் பார்க்கும் எஃப்.இ.எல்.வி. பூனைகளில் புற்றுநோயோடு வருபவை ஒரு பகுதிதான். இரத்தச் சோகையும், எதிர்ப்பு சக்தி குறைந்து வருகிற பிற தொற்றுகளும், ஆறாத வாய்ப்புண்ணும்தான் அதைவிட அதிகம். அதற்காகப் புற்றுநோய் அபாயம் பொய் என்று சொல்ல மாட்டேன். தொற்று நிலைத்துவிட்ட பூனைக்கு லிம்போமா வரும் வாய்ப்பு மற்ற பூனையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் சுண்டுவுக்கு இன்று புற்றுநோய் என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கிட்டும் சொல்லவில்லை.

அந்தக் கிட் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பூனைகளின் விதியை ஒரு சின்னக் கோட்டை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். வைரஸின் உடம்பில் பி27 என்று ஒரு புரதம் உண்டு. அது இரத்தத்தில் மிதக்கிறதா என்று கிட் பார்க்கிறது, அவ்வளவுதான். இன்று மிதந்தால் கோடு விழும். ஆறு வாரம் கழித்தும் மிதக்குமா என்று அதற்குத் தெரியாது.

பூனையின் வாய் வழியாக உள்ளே போன வைரஸ் முதலில் தொண்டையில் உள்ள நிணநீர்த் திசுக்களில் பெருகும். சில பூனைகளின் உடம்பு அங்கேயே அதை முடித்துவிடும். அந்தப் பூனைக்கு எதுவும் நடந்ததாகவே யாருக்கும் தெரியாது. சில பூனைகளில் வைரஸ் இரத்தத்தில் இறங்கி, சில வாரம் கோடு காட்டி, பிறகு உடம்பின் அழுத்தத்தில் அடங்கிவிடும். முற்றிலும் போகாது. இது ரெட்ரோ வைரஸ் வகை. தன் மரபுப் பொருளை டி.என்.ஏ.வாக மாற்றிப் பூனையின் செல்லுக்குள்ளேயே செருகிவிடும். ஆனால் அடங்கியிருக்கும்வரை எச்சிலில் வராது, பெரும்பாலும் நோயும் தராது. மூன்றாவது வகைதான் கஷ்டமானது. வைரஸ் எலும்பு மஜ்ஜையில் குடியேறி நாள்தோறும் பெருகிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட பூனையின் ஒரு மில்லி எச்சிலில் பத்து லட்சம் வைரஸ்வரை இருக்கலாம். முதல் சோதனை நாளில் இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் கோடு ஒரே மாதிரிதான் விழும். அதனால்தான் திரும்பவும் பார்க்கச் சொல்கிறோம்.

கிட்டைப் படிப்பதிலும் தவறு வரும். நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு ஆரஞ்சு நிறக் கடுவனின் கிட்டை மேசையில் வைத்துவிட்டு, அடிபட்டு வந்த நாய் ஒன்றைப் பார்க்கப் போய்விட்டேன். பத்து நிமிடத்தில் படிக்க வேண்டியதை அரை மணி கழித்துப் படித்து, மங்கலான கோட்டைப் பார்த்துப் 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டு அம்மா அழுதுகொண்டே போனார். நல்ல வேளையாக, ஒரு மாதம் கழித்து அவரே இன்னொரு டாக்டரிடம் காட்டி, இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் இல்லை என்று தெரிந்துகொண்டார். என்னிடம் வந்து திட்டவும் செய்தார். அதிலிருந்து கிட் ஓடும்போது நான் மேசையை விட்டு நகர்வதில்லை.

ஆனால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. ஓடி ஆடுகிற பூனைக்கு விழும் கோட்டைச் சந்தேகிக்க நிறைய இடம் உண்டு. வெளியே திரிகிற, சண்டை போடுகிற, இரத்தச் சோகையோடு வந்த ஒன்றரை வயதுக் கடுவனுக்கு விழும் கோடு பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அவன் உங்கள் திண்ணைக்கு வரும்போதே தாயிடமிருந்து வாங்கி வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வயிற்றிலேயே வரும், பாலிலும் வரும், தாய் நக்கிக் கொடுப்பதிலும் வரும். எனவே கேள்வி, தொற்று இருக்கிறதா என்பதோடு முடிவதில்லை. அடங்குமா, நிலைக்குமா என்பதும் சேர்ந்தது. வேறு நிறுவனத்தின் கிட்டிலோ ஆய்வகத்திலோ இப்போதே ஒரு முறை உறுதி செய்யுங்கள். முடிந்தால் இரத்தத்தில் பி.சி.ஆர்.; அதில் வைரஸின் டி.என்.ஏ. எவ்வளவு என்று அளந்து தந்தால் இன்னும் நல்லது, நிறைய இருந்தால் நிலைத்த தொற்று என்று ஊகிக்கலாம். ஆறு வாரம் கழித்து மறுபடியும் கிட். அப்போதும் கோடு விழுந்தால் இன்னும் சில வாரம் விட்டு ஒரு முறை. முதல் சோதனையிலிருந்து 16 வாரம் ஆகியும் கோடு போகவில்லை என்றால் அது போகாது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். மாதிரி எங்கே அனுப்பலாம் என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

இதற்கிடையில் சுண்டுவைச் சாகவிடாமல் பார்க்க வேண்டும். ஒரு பூனைக்கு எஃப்.இ.எல்.வி. என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லா நோயையும் அதன் கணக்கிலேயே எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் கோபம் உண்டு. சோகைக்குக் குணப்படுத்தக்கூடிய காரணமும் கூடவே இருக்கலாம்.

உங்கள் டாக்டரிடம் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. அதாவது மஜ்ஜை புதுச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்து அனுப்புகிறதா என்பது. அனுப்பிக்கொண்டிருந்தால் இரத்தம் எங்கேயோ அழிகிறது அல்லது கசிகிறது, தடுத்தால் மீளும். அனுப்பவே இல்லை என்றால் வைரஸ் மஜ்ஜையையே முடக்கியிருக்கலாம். அது கடினமான செய்தி. கையில் உள்ள ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்ற எண்ணையும் பாருங்கள், அது சிவப்பணுவின் சராசரி அளவு. பூனைக்கு அது 55க்குள் இருப்பது வழக்கம். புது அணுக்கள் வராமலே அது கூடியிருந்தால், எனக்கு வைரஸ் மீதுதான் சந்தேகம் போகும். இன்னொன்று, மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கான சோதனை. இது சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அழிக்கும். சண்டை போடும் கடுவன்களிடம் அடிக்கடி பார்ப்போம், எஃப்.இ.எல்.வி.யோடு சேர்ந்தால் ஆட்டம் அதிகம். ஸ்லைடில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, சில நாள் ஒளிந்துகொள்ளும். டாக்ஸிசைக்ளின் சில வாரம் கொடுத்தால் பெரும்பாலும் கட்டுப்படும். அந்த மாத்திரையைக் கொடுத்ததும் ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் கட்டாயம் விட வேண்டும். பூனையின் உணவுக்குழாயில் அது ஒட்டிக்கொண்டால் புண்ணாகிச் சுருங்கிவிடும். அதற்கப்புறம் அது படும் பாடு முதலில் வந்த நோயைவிட மோசம்.

அடுத்து உங்கள் சமையலறை. சுண்டுவுக்கு என்ன சாப்பாடு என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீடுகளில் மீன் குழம்பு சாதம், சாம்பார் சாதம் பிசைந்து வைப்பது சாதாரணம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை நேரடியாக உடைக்கும், வேகவைத்தாலும் தான். ஏற்கெனவே இரத்தம் பாதியாக இருக்கும் பூனைக்கு அந்தக் குழம்பில் ஒரு கரண்டிகூட வேண்டாம். உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த மீன், கோழி, அதோடு நல்ல பூனைத் தீனி. பச்சை மீனும் பச்சைக் கறியும் கூடாது. அதில் உள்ள கிருமிகளை அவனால் இப்போது சமாளிக்க முடியாது.

தெள்ளுப்பூச்சி இருந்தால் அதுவும் இரத்தம் குடிக்கும், ஒழிக்க வேண்டும். ஆனால் நாய்க்கென்று விற்கிற மருந்தைத் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மாத்திரை போதும் பூனையைக் கொல்ல.

பி.சி.வி. இன்னும் இறங்கினாலோ, படுத்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ இரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். பூனைக்கும் ஏ, பி, ஏபி என்று இரத்த வகை உண்டு; பொருந்தாத இரத்தம் உயிரை எடுத்துவிடும். 'பட்டுவிடமிருந்து எடுக்கலாமே' என்று தோன்றும். வகை பார்க்காமல், பட்டுவுக்கே வைரஸ் சோதனை செய்யாமல், அது வேண்டாம்.

பட்டுவைப் பற்றித்தான் இப்போது. இந்த வைரஸ் குட்டிகளைத்தான் சுலபமாக ஆட்கொள்ளும், வயது ஏற ஏறப் பூனை அதைத் தாங்கி நிற்கும். சுண்டு வரும்போது பட்டுவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து வயது, அது அவளுக்குச் சாதகம். ஆனால் ஒன்றே கால் வருடமாக ஒருவரை ஒருவர் நக்கிக்கொண்டு, ஒரே கிண்ணத்தில் குடித்திருந்தால் அந்தச் சாதகத்தை மட்டும் நம்ப முடியாது. இந்த வாரமே அவளுக்கும் கிட் பாருங்கள். இல்லை என்று வந்தால், இருவரையும் வேறு வேறு அறையில் வைத்து ஆறு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். புதிதாகப் பட்ட தொற்று கோடு காட்ட ஒரு மாதம்வரை ஆகலாம். கிண்ணமும் மணல் தட்டும் தனித்தனி. ஒருவரைத் தொட்டுவிட்டு இன்னொருவரிடம் போகும்போது சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். வெளியே வந்துவிட்டால் இது மிகவும் பலவீனமான வைரஸ். காய்ந்தாலே செத்துவிடும், சாதாரண சோப்புக்கே தாங்காது. வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

இரண்டாவது முறையும் பட்டுவுக்கு இல்லை, சுண்டுவுக்கு இருக்கிறது என்று வந்தால்? நிரந்தரமாகப் பிரித்து வைப்பதுதான் புத்தகம் சொல்வது. இரண்டு அறை வீட்டில், கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று கத்த இந்தப் பக்கம் ஒன்று பட்டினி கிடப்பதைப் பார்த்த பிறகு, சேர்ந்தே இருக்கட்டும் என்று முடிவெடுத்த குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொன்னதில்லை. ஆனால் அது அபாயத்தைத் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். எஃப்.இ.எல்.வி. தடுப்பூசி உங்கள் டாக்டருக்குக் கிடைக்குமானால் பட்டுவுக்குப் போட்டுவிட்டுச் சேர்க்கலாம். மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. அது நூற்றுக்கு நூறு காக்காது, சுண்டுவுக்குப் போட்டும் பயன் இல்லை. என்ன முடிவானாலும் மூன்றாவது பூனை இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

தடுப்பூசி என்றதும் உங்கள் கேள்வி வருகிறது. ட்ரைகேட் மூன்று நோய்களைத் தடுக்கும்: பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி. இதில் முதல் பெயர்தான் குழப்பம் செய்கிறது. லுகோ என்றால் வெள்ளை. பான்லுகோபீனியாவில் வெள்ளையணுக்கள் எல்லாம் குறைந்துபோகும். குட்டிகள் வாந்தியும் பேதியுமாகச் சில நாளில் செத்துப்போகிற பார்வோ வைரஸ் அது. லுகேமியா வேறு வைரஸ், வேறு ஊசி. 'லுகோ ஊசி போட்டாச்சு டாக்டர்' என்று அட்டையை நீட்டுபவர்கள் நிறையப் பேர். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை, ட்ரைகேட்டில் இது இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரரின் ஊசி. தொற்று நிலைத்துவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை கண்டுபிடித்து மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன என்பது நாங்கள் படித்த கணக்கு. அந்தக் கணக்கில் கூட்டமாக அடைத்து வளர்த்த பூனைகளும் நிறைய. வீட்டோடு, நல்ல சாப்பாட்டோடு இருந்து அதைத் தாண்டி வாழ்ந்தவையும் உண்டு. வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை. அதனால் நமக்கிருக்கும் வேலை காவல் காப்பதுதான். இனி சுண்டு மதில் தாண்டக் கூடாது. ஜன்னலுக்கும் மாடிக்கும் வலை போடுங்கள். இரத்தம் தேறிய பிறகு கருத்தடை செய்துவிடுங்கள், இப்போதுள்ள நிலையில் மயக்க மருந்து தாங்க மாட்டான். மாதம் ஒரு முறை எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பழகுங்கள். முப்பதைத் தாண்டிக்கொண்டே போனால் மார்புக்குள் கட்டியோ நீரோ இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். வேறு எதற்காவது ஸ்டீராய்டு ஊசி என்று யாராவது எடுத்தால், கிட் முடிவை முதலில் சொல்லுங்கள்; அது எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்கும்.

இரத்தம் ஏற்றியும் நிற்காமல் இறங்குகிறது, தானாகச் சாப்பிடுவதில்லை, மணல் தட்டுவரை நடக்க முடியவில்லை என்று ஆனால், அந்த ஊசியைப் பற்றி நானே உங்களிடம் பேசுவேன். ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு இன்று பேச மாட்டேன்.

பட்டு கூடைக்குள் ஏற மறுப்பாள் என்று நினைக்கிறேன், வீட்டுப் பூனைகள் அப்படித்தான். இரண்டு நாள் முன்பே கூடையைத் திறந்து வைத்து உள்ளே அவள் படுக்கும் துணியைப் போட்டு வையுங்கள். போகும்போது மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். ஆறு வாரம் கழித்து இருவரின் முடிவையும் எழுதுங்கள். கிட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவதானால், சொட்டு விட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.